மணற்சறுக்குப் பலகையைக் கையில் கொடுத்தால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

மார்கழி விடுமுறை நெருங்கும்போது கொழும்பிலிருந்து டுபாய்க்கும் தோஹாவுக்கும் மஸ்கட்டுக்கும் குடும்பத்தோடு போகிறவர்கள் அதிகம். அண்ணனுக்கு அங்கே வேலை, மாமாவுக்கு அங்கே கடை என்று ஏதோ ஒரு தொடர்பு பலருக்கு உண்டு. போனவர்களை ஒரு மாலையாவது பாலைவனத்துக்குக் கூட்டிக்கொண்டு போகாமல் உறவினர்கள் விடுவதில்லை. நமது பத்திரிகைகளின் பயணப் பக்கங்கள் ஒட்டகச் சவாரி, மணல்மேட்டில் ஜீப் துள்ளுவது, இரவு விருந்து என்று எல்லாவற்றையும் விரிவாகச் சொல்கின்றன. மணற்சறுக்கு மட்டும் 'பலகையில் சறுக்கி மகிழலாம்' என்ற ஒரே வரியோடு முடிந்துவிடுகிறது.

அந்த ஒரு வரியை நம்பிப் போகிறவர்களில் சிலர் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டு வருகிறார்கள். பலர் 'பலகை நகரவே இல்லை' என்று சலித்துக்கொண்டு வருகிறார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். பலகையைக் கொடுப்பவர் அதை எப்படிப் பாவிப்பது என்று சொல்லிக்கொடுப்பதில்லை. எந்தச் சரிவில் இறங்குவது, எந்த நேரத்தில் போவது, பலகையின் அடியில் என்ன பூசுவது, எப்படி நிறுத்துவது என்ற நான்கும் தெரிந்தால் அறுபது வயதுக்காரரும் பத்து வயதுப் பிள்ளையும் ஒரே குன்றில் பயமில்லாமல் சறுக்கலாம். உங்கள் வாசகர்களுக்காக அவற்றை இங்கே எழுதுகிறோம். சற்று நீண்ட கடிதம்தான். இயன்றவரை குறைக்காமல் பிரசுரிக்க வேண்டுகிறோம். யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்கில் உள்ள மணற்காடு என்ற கரையோர ஊர் குறித்தும் கடைசியில் ஒரு வேண்டுகோள் இருக்கிறது.

முதலில் சரிவு. காற்று ஒரே பக்கமிருந்து வீசும் இடத்தில் மணற்குன்றுக்கு இரண்டு முகங்கள் இருக்கும். காற்றை எதிர்கொள்ளும் முகம் இறுகியது, சாய்வு குறைந்தது. பெரும்பாலும் 10 முதல் 15 பாகைக்குள் இருக்கும். காற்றுக்கு மறைவான முகத்தில் மணல் முகட்டைத் தாண்டி விழுந்து விழுந்து குவிவதால் அது பொலபொலவென்றும் செங்குத்தாகவும் இருக்கும். உலர்ந்த மணல் சுமார் 34 பாகைக்கு மேல் நிற்காது, தானாகவே சரிந்துவிடும். ஆகவே மறைவு முகத்தின் சாய்வு 20 மீற்றர் குன்றிலும் 200 மீற்றர் குன்றிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். புதிதாகப் போகிறவர்கள் மேலே நின்று பார்த்துச் சாய்வுக்குப் பயப்படுகிறார்கள். கவனிக்க வேண்டியது நீளத்தை. நீளம் கூடினால்தான் வேகம் கூடும். முதல் நாளுக்கு 15 முதல் 20 மீற்றர் உயரம் தாராளம். டுபாயிலிருந்து ஹத்தா போகும் வழியில், சார்ஜாவின் அல் பதாயரில் 'பிக் ரெட்' என்று எல்லோரும் சொல்லும் செம்மணல் குன்று ஏறக்குறைய 100 மீற்றர் உயரமானது. அபுதாபியின் லிவா பக்கத்தில் உள்ள தல் மரீப் அதைப்போல மூன்று மடங்கு. படத்தில் அழகாக இருப்பதால் எல்லோரும் அவற்றையே கேட்கிறார்கள். அவற்றின் அடிவாரத்தைச் சுற்றியுள்ள சிறு குன்றுகள்தான் பழகுவதற்கு ஏற்றவை.

இறுகிய முகத்தில் பலகை நகராது, சாய்வு போதாது. மறைவு முகத்தில்தான் இறங்க வேண்டும். ஆனால் மறைவு முகத்தால் ஏறக்கூடாது. இரண்டு அடி வைத்தால் ஒரு அடி கீழே இறங்குவீர்கள், முதல் ஏற்றத்திலேயே மூச்சு முட்டிவிடும். இறுகிய முகத்தால் அல்லது முகட்டின் ஓரமாக, ஏற்கனவே நடந்தவரின் காற்சுவட்டில் கால் வைத்து ஏற வேண்டும். பனிமலையில் போல இங்கே இழுத்துச் செல்லும் கம்பி கிடையாது. ஜேர்மனியின் ஹிர்ஷௌ என்ற ஊரில் களிமண் சுரங்கத்திலிருந்து கொட்டிய மணல் மலையாகிவிட்டது. மொன்டே கயோலினோ எனப்படும் அந்த மலையில் மேலே ஏற்றிவிடும் இழுவை வசதி உண்டு. மற்றபடி பெரும்பாலான இடங்களில் ஏற்றம் காலால்தான். பெருவில் நாஸ்கா அருகே உள்ள செர்ரோ பிளாங்கோ கடல்மட்டத்திலிருந்து 2,000 மீற்றருக்கு மேல் உயர்ந்த மணல்மலை. விடியுமுன் புறப்பட்டு மணிக்கணக்காக ஏறிய பிறகுதான் ஒரு சறுக்கல் கிடைக்கும். அரை நாளில் ஐந்தாறு சறுக்கல் என்று கணக்குப் போட்டுக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

இறங்குமுன் சரிவின் அடியைப் பார்க்க வேண்டும், மேலே நின்று அல்ல, கீழே நின்று. சரிவு முடியும் இடத்திலிருந்து குறைந்தது 20 மீற்றர் தூரத்துக்கு மேடுபள்ளமில்லாத வெறும் மணல் இருக்க வேண்டும். வளைகுடாவில் பல குன்றுகள் 'சப்கா' எனப்படும் உப்புப் படிந்து இறுகிய தரையில் முடிகின்றன. அது சீமெந்துத் தரைக்குச் சளைக்காத கடினம். மென்மையான சரிவிலிருந்து அந்தத் தரையில் பலகை மோதும்போது மூக்கு குத்தி ஆள் முன்னுக்கு எறியப்படுவார். சரளைக்கல், முட்புதர், ஜீப்பின் டயர் பதிந்து காய்ந்த பள்ளம் ஆகியனவும் அப்படியே. புதரடியைத் தவிர்க்க இன்னொரு காரணம், மணலுக்குள் புதைந்து கிடக்கும் கொம்பு விரியனும் தேள்களும் நிழல் தேடும் இடம் அதுதான்.

நேரத்துக்கு வருவோம். வளைகுடாவில் ஐப்பசிக் கடைசி முதல் பங்குனி வரை நல்ல காலம். மற்ற மாதங்களில் நண்பகலில் மணலின் மேற்பரப்பு 60 பாகை செல்சியஸைத் தாண்டும். அமெரிக்காவின் கொலராடோவில், கடல்மட்டத்திலிருந்து 2,000 மீற்றருக்கும் மேலான குளிர்ந்த மலைநாட்டில் இருக்கும் கிரேட் சாண்ட் டியூன்ஸ் தேசியப் பூங்காவே கோடையில் மணல் 65 பாகை வரை சுடும் என்று வருகிறவர்களை எச்சரிக்கிறது. அரேபியாவின் ஆனி, ஆடி மாதங்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? செருப்பைக் கழற்றிவிட்டு நான்கு எட்டு வைத்த பிள்ளையின் பாதம் கொப்பளித்துவிடும்.

குளிர்காலத்தில் விடியற்காலைதான் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். கடலுக்குக் கிட்டிய குன்றுகளில் அது பிழை. கட்டாரிலும் அபுதாபிக் கரையோரத்திலும் மார்கழி, தை மாதங்களில் பனிமூட்டமும் பனித்துளியும் மணலின் மேற்படையை நனைத்துவிடும். ஈர மணல் பலகையின் அடியில் அப்பிக்கொள்ளும். எவ்வளவு மெழுகு பூசினாலும் பலகை போகாது. மணலை ஒரு பிடி அள்ளி விரல்களுக்கிடையே விடுங்கள். கட்டியில்லாமல் ஓடினால் சறுக்கலாம், உருண்டை பிடித்தால் இன்னும் ஒன்றிரண்டு மணித்தியாலம் பொறுக்க வேண்டும். மழை பெய்த மறுநாளும் இந்தச் சோதனை அவசியம். கட்டாரில் ஷமால் காற்று வடமேற்கிலிருந்து வீசுவதால் அங்குள்ள பிறைவடிவக் குன்றுகளின் மறைவு முகம் பெரும்பாலும் தென்கிழக்கைப் பார்த்திருக்கும். காலை வெயில் அந்த முகத்தை உலர்த்தும். பிற்பகலில் அது நிழலாகிவிடும். பிற்பகல் மூன்று மணியளவில் போனால் உலர்ந்த மணலும் கிடைக்கும், சூடும் தணிந்திருக்கும். மெசயீத் பக்கத்துக் குன்றுகள் சிலவற்றில் மணல் சரியும்போது அடிவயிற்றில் அதிர்வது போல ஓர் ஓசை எழும். அதைக் கேட்பதற்காகவே ஒரு தடவை மெதுவாக, உட்கார்ந்தபடி இறங்கிப் பார்க்கலாம்.

இனிப் பலகை. நாம் காணும் சலிப்பில் முக்கால்வாசி இங்கேதான் பிறக்கிறது. பனியில் பலகை வழுக்குவதற்கு அதன் அடியில் உண்டாகும் மெல்லிய நீர்ப்படை உதவுகிறது. மணல் உருகாது. மணல் உப்புத்தாளைப் போன்றது, உரச உரசத் தேய்க்கும். பனிப்பலகையின் அடிப்பக்கம் மென்மையான பிளாஸ்ரிக். மணல் அதைக் கீறிக் கீறிச் சொரசொரப்பாக்கிவிடும், சில நாட்களில் அது பிடித்துக்கொண்டு நிற்கும். மணலுக்கென்று செய்த பலகையின் அடியில் சமையலறை மேசைக்கு ஒட்டும் போர்மைக்கா போன்ற கடினமான தகடு இருக்கும். கையில் கொடுக்கும் பலகையைத் திருப்பி நகத்தால் கீறிப் பாருங்கள். கீறல் விழுந்தால் அது பனிப்பலகை. வேறு இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். நின்று சறுக்கும் பெரியவருக்கு நெஞ்சுக்கும் நாடிக்கும் இடைப்பட்ட உயரம், அதாவது 120 முதல் 140 சென்ரிமீற்றர் பொருத்தம். பிள்ளைகளுக்கு 90 முதல் 100 போதும். முன்விளிம்பு மேலே வளைந்திருக்க வேண்டும். தட்டையான பலகை மணலைத் தோண்டிக்கொண்டு நிற்கும். காலைப் பூட்டும் வார்ப்பட்டையில் மணல் அடைந்து பூட்டு விழாமல் இருக்கிறதா என்பதையும் மேலேறுமுன் பார்ப்பது நல்லது, முகட்டில் நின்று திருத்துவது கடினம்.

மெழுகு இல்லாத பலகையை வாங்கவே வேண்டாம். ஒவ்வொரு சறுக்கலுக்கும் முன் பூச வேண்டும், ஒரு நாளுக்கு ஒரு தடவை அல்ல. முதலில் உலர்ந்த பருத்தித் துணியால் அடிப்பக்கத்தில் ஒரு மணல்கூட இல்லாமல் துடைக்க வேண்டும். இதைச் செய்யாமல் பூசினால் மெழுகுக்குள் மணல் பதிந்துவிடும். பிறகு பூசப் பூச நிலைமை மோசமாகும். துடைத்தபின் மெழுகைப் பலகையின் நீளவாட்டில் அழுத்தி, மெல்லிய படையாகத் தேய்க்க வேண்டும். உட்காரும் இடத்தின் கீழும் கால் வைக்கும் இடத்தின் கீழும் இன்னொரு தடவை. தடிப்பாகப் பூசுவதால் பயனில்லை. அதன்பின் பலகையை மணலில் வைத்து, கையால் அழுத்தியபடி முன்னும் பின்னும் பத்துத் தடவை இழுத்தால் மிகுதி மெழுகு உரிந்து அடிப்பக்கம் பளபளக்கும். இதைச் செய்யாமல் இறங்குபவரின் முதல் சறுக்கல் பாதியில் நின்றுவிடும்.

இதற்கெனத் தனி மெழுகு விற்கிறார்கள். கிடைக்காவிட்டால் நமது கடைகளில் வாங்கும் சாதாரண வெள்ளை மெழுகுதிரியே போதும், அது பரஃபின்தான். ஒரு தடித்த மெழுகுதிரியும் ஒரு துணியும் பயணப் பையில் வைத்தால் ஒரு குடும்பத்தின் மாலைப்பொழுதுக்குப் போதுமானது. வாசனை, நிறம் சேர்த்தது வேண்டாம். தேன்மெழுகு ஒட்டும், அதுவும் வேண்டாம். அறுகம்பையில் கடற்சறுக்குக்கு விற்கும் மெழுகை எடுத்துப் போகிறவர்களும் உண்டு. அது பலகையின் மேற்பக்கத்தில் கால் வழுக்காமல் பிடிக்கச் செய்வது. அடியில் பூசினால் நீங்கள் விரும்புவதற்கு நேர்மாறாக மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெயும் அப்படியே. எண்ணெய் பட்ட இடத்தில் மணல் ஒட்டும், பிறகு கழுவாமல் அதைச் சரிசெய்ய முடியாது.

பழைய சோனகத் தெருக் கடைகளில் பிளைவூட்டும் போர்மைக்காவும் வாங்கிச் சொந்தமாகப் பலகை செய்யலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். செய்யலாம். தடித்த பலகையை வளைக்க முடியாது. மெல்லிய பிளைவூட் தகடுகளை அச்சில் வைத்து, பசையிட்டு, முன்விளிம்பு வளையுமாறு இறுக்கிக் காயவிட வேண்டும். வளைவு இல்லாமல் செய்யும் பலகை உட்கார்ந்து போவதற்குக்கூட உதவாது. விமானத்தில் அதைக் கொண்டுபோகும் கட்டணத்தைப் பார்த்தால், அங்கேயே வாடகைக்கு எடுப்பது புத்தி.

இறங்கும் முறைகள் மூன்று. உட்கார்ந்து, படுத்து, நின்று. இந்த வரிசையில் படுப்பதை நாங்கள் கடைசிக்குத் தள்ளுவோம், காரணம் பின்னால் வருகிறது.

உட்கார்ந்து போவது சிறுபிள்ளை விளையாட்டு என்று இளைஞர்கள் ஒதுக்குகிறார்கள். மணலின் போக்கு பழகுவது அதில்தான், நிறுத்தப் பழகுவதும் அதில்தான். பலகையின் நடுவிலிருந்து சற்றுப் பின்தள்ளி உட்கார்ந்து, முழங்காலை மடித்து, பாதங்களைப் பலகையின் முன்பகுதியில் ஊன்ற வேண்டும். உடலைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்தால் முன்விளிம்பு மணலுக்கு மேலே எழும். உள்ளங்கைகள் இடுப்புக்குப் பின்னால் மணலில் உரசட்டும். வலக்கையை அழுத்தினால் பலகை வலப்பக்கம் திரும்பும், இடக்கையை அழுத்தினால் இடப்பக்கம். நிறுத்துவதற்கு இரு குதிகால்களையும் மணலில் மெதுவாக இறக்க வேண்டும். திடீரென்று குத்தினால் பலகை நிற்கும், ஆள் நிற்கமாட்டார். முதல் சறுக்கலை முகட்டிலிருந்து தொடங்க வேண்டாம். சரிவில் மூன்றில் ஒரு பங்கு உயரத்திலிருந்து இறங்கி, நினைத்த இடத்தில் நிறுத்த முடிகிறதா என்று பார்த்துவிட்டு மேலே போகலாம். ஒரே பலகையில் இரண்டு பேர் ஏறுவது படத்துக்கு நன்றாக இருக்கும். புரளும்போது பெரியவரின் பாரம் முழுவதும் பிள்ளையின் மேல் விழும். பிள்ளையைத் தனியாக, குறைந்த உயரத்திலிருந்து விடுவதே பாதுகாப்பு. பெற்றவர் கீழே நிற்கட்டும்.

நின்று சறுக்க, எந்தக் கால் முன்னே என்று முதலில் அறிய வேண்டும். இரண்டு காலையும் சேர்த்து நில்லுங்கள். ஒருவர் பின்னாலிருந்து எதிர்பாராமல் மெதுவாகத் தள்ளட்டும். தடுக்க எந்தக் கால் முன்னே போகிறதோ அதுவே முன்கால். முகட்டில் உட்கார்ந்து முன்காலை முதலில் பூட்டி, பிறகு பின்காலைப் பூட்ட வேண்டும். கீழே வந்ததும் பின்காலை முதலில் கழற்றுவது. முழங்கால் இரண்டும் மடிந்திருக்க வேண்டும். பாரத்தில் பாதிக்குச் சற்று அதிகம் பின்காலில் இருக்கட்டும். பனியில் பழகியவர்கள் தடுமாறுவது இங்கேதான். அங்கே முன்காலில் பாரம் வைப்பார்கள், மணலில் அப்படி வைத்தால் முன்விளிம்பு புதைந்து குப்புற விழுவார்கள். அளவுக்கு மேல் பின்னுக்குச் சாய்ந்தாலோ பலகை மட்டும் முன்னே ஓடும், நீங்கள் முதுகால் விழுவீர்கள். கண் கீழே காலைப் பார்க்கக் கூடாது, போய்ச் சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும். முதல் நாளில் நேர்கோட்டில் இறங்குவதே போதும். வேகம் இல்லாமல் பலகையைத் திருப்பினால் ஓரம் மணலை வெட்டிப் புதைந்துவிடும். நடு வேகம் வந்தபின், பின்காலின் அழுத்தத்தால் மெல்லத் திருப்பலாம். வேகம் கைமீறுகிறது என்று தோன்றிய கணத்திலேயே குந்தி, சரிவின் மேற்பக்கமாக உட்கார்ந்துவிடுங்கள். அடிவாரம் வரை பொறுத்துப் பார்ப்போம் என்பவர்களுக்குத்தான் காயம் வருகிறது.

விழும்போது கையை ஊன்றுவது எல்லோருக்கும் வரும் பழக்கம். மணிக்கட்டு முறிவது அப்படித்தான். கைவிரல்களைப் பொத்தி, முழங்கையை உடலோடு சேர்த்து, பிட்டத்தாலோ முன்கையாலோ விழப் பழக வேண்டும். விழுந்தபின் பெருவிரலின் அடியில் உள்ள குழியில் அழுத்தினால் வலிக்கிறது என்றால், வீக்கம் குறைவாக இருந்தாலும் சுளுக்கு என்று விட்டுவிடாமல் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அங்குள்ள சிறு எலும்பின் முறிவு வெளியே தெரியாது, கவனிக்காமல் விட்டால் சரியாகப் பொருந்தாது.

படுத்துத் தலைகீழாக இறங்குவது மூன்றிலும் வேகமானது. நமீபியாவின் சுவாகொப்மண்ட் நகரையடுத்த குன்றுகளில் மெல்லிய அழுத்தப் பலகையில் படுத்து இறங்குபவர்கள் மணிக்கு 70, 80 கிலோமீற்றர் வேகத்தைத் தொடுகிறார்கள். அங்கே தலைக்கவசம் இல்லாமல் விடுவதில்லை. வளைகுடாவின் மாலைச் சுற்றுலாக்களில் தலைக்கவசமே தராமல் பிள்ளைகளைப் படுக்கவைத்துத் தள்ளிவிடும் வழக்கம் இருக்கிறது. தலை முன்னே போகிறது. இடறினால் அடிபடுவது கழுத்து. தலைக்கவசம் தராத இடத்தில் படுத்துப் போக வேண்டாம் என்று பெற்றோர் உறுதியாகச் சொல்ல வேண்டும். போகிறவர்கள் முழங்கைகளைப் பலகைக்கு மேலே ஒடுக்கி, முன்விளிம்பைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, வாயை மூடி, கால்விரல்களை மணலில் உரசி வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும்.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்து பலகையில் இல்லை, வாகனத்தில் இருக்கிறது. பிக் ரெட், கட்டாரின் சீலைன் போன்ற பெயர்பெற்ற இடங்களில் அதே குன்றில் ஜீப்பும் குவாட் பைக்கும் ஓடுகின்றன. முகட்டின் மறுபக்கத்திலிருந்து ஏறிவரும் ஓட்டுநருக்கு முகட்டைத் தாண்டும்வரை இந்தப் பக்கம் எதுவும் தெரியாது. சரிவில் விழுந்து கிடப்பவரையும், அடிவாரப் பள்ளத்தில் படம் எடுப்பவரையும் அவர் காண்பது கடைசி நொடியில்தான். ஆகவே ஒருவர் இறங்கும்போது இன்னொருவர் முகட்டில், இருபக்கமும் தெரியும்படி நிமிர்ந்து நிற்க வேண்டும். பளிச்சென்ற நிறத்தில் ஒரு துணி கையில் இருந்தால் இன்னும் நல்லது. இறங்கி முடித்தவர் பலகையோடு உடனே பக்கவாட்டில் விலக வேண்டும். புதிய டயர்த் தடங்கள் குறுக்கே போகும் சரிவு வேண்டவே வேண்டாம்.

பிள்ளைகள் குன்றின் அடியில் குகை தோண்டுவதையும் அனுமதிக்க வேண்டாம். சறுக்கும்போது மணல் கூடவே சரிந்து வருவதில் ஆபத்தில்லை, அது மேற்பரப்பில் ஓடும் மெல்லிய படைதான். தோண்டிய குழி இடிந்து விழுவது வேறு. உலர்ந்த மணல் எச்சரிக்கையில்லாமல் இடியும். உள்ளே தலை புதைந்தால் கையால் தோண்டி எடுப்பதற்குள் மூச்சு நின்றுவிடும். கடற்கரைகளில் பிள்ளைகள் இப்படி இறந்திருக்கிறார்கள்.

உடை பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. முழுக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை, காலுறை, இறுக்கமாகக் கட்டிய சப்பாத்து. அரைக்காற்சட்டையோடு சரிவில் உருண்டால் தோல் உரியும். கண்ணில் தொடுவில்லை அணிபவர்கள் அதைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி போட்டு, பின்னால் கயிறு கட்டிக்கொள்ளலாம். கண்ணில் மணல் விழுந்தால் தேய்க்கக் கூடாது, சுத்தமான நீரை ஊற்றிக் கழுவ வேண்டும்; தேய்த்தால் கருவிழி கீறிப்போகும். தொலைபேசியைப் பூட்டும் பிளாஸ்ரிக் பையில் வைக்காவிட்டால் ஒலிவாங்கித் துளையும் மின்னேற்றும் துளையும் அடைபடும். தண்ணீர் ஆளுக்கு 3 லீற்றர் அரை நாளுக்கு வேண்டும். வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் உடலில் நீர் குறைவது தெரியாது. தலைவலி, குமட்டல் வந்தால் நிழலில் உட்காருங்கள், அன்றைக்குச் சறுக்கல் முடிந்தது. உடல் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பக்கற்றுகள் இரண்டு மூன்றை இங்கிருந்து கொண்டுபோவது மிகவும் உதவும். முதுகு, கழுத்துக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் பார்த்து மகிழ்வதோடு நிற்பது நல்லது. இருதய நோயாளிகளுக்குச் சறுக்குவதைவிட அந்த ஏற்றம்தான் ஆபத்து.

சுற்றுலா ஒழுங்கு செய்பவரிடம் பணம் கட்டுமுன் சில கேள்விகள் கேட்கலாம். மணற்பலகையா பனிப்பலகையா? மெழுகு தருவீர்களா? தலைக்கவசம் உண்டா? வாகனம் ஓடாத தனிக் குன்றா? எவ்வளவு நேரம் தருவீர்கள்? கால் மணித்தியாலம் என்றால் ஒரு ஏற்றம், ஒரு இறக்கம், அவ்வளவுதான். ஜீப் துள்ளலுக்குப் பிறகு சறுக்க விடுவதாகச் சொன்னால், அதற்கு முன்னரே விடும்படி கேளுங்கள். துள்ளலில் வயிறு கலங்கிய பிள்ளையால் குன்றேற முடியாது. பயணக் காப்புறுதிப் பத்திரத்தில் சாகச விளையாட்டுக்கள் விலக்கப்பட்டிருக்கின்றனவா என்பதையும் கொழும்பில் இருக்கும்போதே வாசித்துவிட வேண்டும்.

இனி எங்கள் வேண்டுகோள். வளைகுடாவில் சறுக்கிவிட்டு வந்தவர்கள், 'நமக்கே மணற்காடு இருக்கிறதே, அங்கே இதைத் தொடங்கினால் என்ன' என்று கேட்கிறார்கள். வடமராட்சி கிழக்கின் வளர்ச்சிக்காக நல்ல மனதோடு கேட்கப்படும் கேள்விதான். ஆனாலும் எங்கள் பதில், வேண்டாம் என்பதே. விளையாட்டை நேசிப்பவர்களாகவே இதைச் சொல்கிறோம்.

பாலைவனக் குன்றின் மறைவு முகத்தில் புல்பூண்டு கிடையாது. நூறு பேர் சறுக்கிய தடத்தை ஓர் இரவுக் காற்று மூடிவிடும். குன்று நிற்பது காற்றால். நமது கரையோரக் குன்றுகள் நிற்பது வேரால். இராவணன் மீசைப் புல்லும் அடம்பன் கொடியும் தாழையும் மணலைக் கட்டிப் பிடித்திருக்கின்றன. 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்பது நம் ஊர்ப் பழமொழி. அந்தக் கொடி சறுக்குத் தடத்தில் அறுந்தால் அந்தத் தடத்தைக் காற்று நாளுக்கு நாள் அகலமாக்கும். மணல் உட்பக்கம் நகர்ந்து வளவுகளையும் கிணறுகளையும் மூடும். மணற்காட்டில் மணலில் புதைந்து கிடக்கும் பழைய அந்தோனியார் கோவிலைப் பார்த்தவர்களுக்கு, கட்டவிழ்ந்த மணல் என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. ஏற்கனவே சட்டவிரோத மணல் அகழ்வால் அந்தக் குன்றுகள் மெலிந்துவிட்டன. 2004 ஆழிப்பேரலையின்போது யாலக் கரையில் உயர்ந்த மணற்குன்றுகள் கடலைத் தடுத்தன. குன்று அகற்றப்பட்டிருந்த இடங்களில் கடல் உள்ளே புகுந்தது. கரையோரக் குன்று அந்த ஊர்களின் மதில்.

விளையாட்டின் பக்கமிருந்து பார்த்தாலும் அங்கே பெரிதாக எதுவும் கிடைக்காது. சரிவுகள் குட்டை, பலகை வேகம் பிடிக்கும்போது தரை வந்துவிடும். கடற்காற்றின் ஈரமும் உப்பும் மணலில் இருக்கும். சிப்பித் துண்டுகள் பலகையைக் கீறும். இராவணன் மீசையின் முள் துணியைத் தாண்டிக் குத்தும். சவுக்கு மரங்களின் அடிக்கட்டைகள் மணலுக்குள் மறைந்து கிடக்கின்றன.

ஆகவே பத்திரிகைகள் மணற்காட்டைப் பற்றி எழுதும்போது சறுக்கு விளையாட்டுக்கு ஏற்ற இடம் என்ற வரியைச் சேர்க்க வேண்டாம் எனக் கேட்கிறோம். கரையோரம் பேணல் திணைக்களமும் பிரதேச சபையும் கடற்கரைக்குப் போகும் நடைவழியை அடையாளமிட்டு, குன்றுகளில் ஏறுவதைத் தவிர்க்கும்படி தமிழிலும் சிங்களத்திலும் பலகை வைக்க வேண்டும். கல்விச் சுற்றுலாவில் பிள்ளைகளை அங்கே கூட்டிச் செல்லும் ஆசிரியர்கள், கமுகம் மட்டையோ அட்டையோ எடுத்துக்கொண்டு குன்றில் சறுக்க வேண்டாம் என்று பஸ்ஸிலிருந்து இறங்குமுன்னரே சொல்லிவிட வேண்டும். காரணத்தையும் சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள்.

இப்படிக்கு,
மணற்சறுக்கில் ஈடுபடும் நண்பர்கள் சிலர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.